சத்தத்தடி

ரெஜினாவின் புருஷன் சூசை செத்துப் பல வருஷம் ஆன பிறகும் அவனுடைய குரல் மட்டும் உலைமேடு பவுண்டரி காலனி மைதானத்துக்கு மேலே, ஒரு பனைமர உயரத்தில், அவன் விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. காலனிக்காரர்கள் அதற்கடியில் துணி காயப்போட்டார்கள், வற்றல் காயப்போட்டார்கள், சைக்கிள் பழகினார்கள், கல்யாணத்துக்குப் பந்தல் போட்டார்கள். ஆலமரம் இருக்கிற ஊரில் ஆலமரத்தடி என்று ஒரு பஸ் நிறுத்தம் இருப்பதுபோல இங்கே சத்தத்தடி என்று ஒரு நிறுத்தம் இருந்தது. கண்டக்டர் பெயரைக் கத்திச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, வளைவில் பஸ் திரும்பியதுமே காதுக்குத் தெரிந்துவிடும், இறங்க வேண்டியவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

அது அழுகையில்லை, பாட்டு என்று சொல்லவும் நாக்கு கூசும். ஹெவி மெட்டல் என்கிற இரைச்சல் பாட்டில் பாடுகிறவன் கழுத்து நரம்பெல்லாம் புடைக்க உச்சத்துக்கு ஏறி நின்று ஒரு அலறல் போடுவானே, அந்த அலறல்தான், ஏறின இடத்திலேயே, மூச்சு வாங்காமல், மழையென்றும் வெயிலென்றும் பாராமல் நின்றது.

சூசை பவுண்டரியில் மோல்டராக இருந்தான். மணலில் அச்சுப் பதித்து, உருகின இரும்பை ஊற்றி, ஆறினதும் மணலை உடைத்து உதறி எடுக்கிற வேலை. கல்கத்தாவிலிருந்து வந்திருந்த ஒரு போர்மேன் மாற்றலாகிப் போகும்போது விட்டுப்போன கேசட்டுகளைக் கேட்டுவிட்டு, "டேய், நம்ம பவுண்டரி சத்தத்தையே எவனோ பாட்டாப் போட்டிருக்கான்டா" என்று அவன் சொன்னதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. மரத்தில் மாதிரி செதுக்குகிற பிரிவில் இருந்த குணாளன், யாருக்கும் தெரியாமல் ஒரு தேக்குப் பலகையை ஒதுக்கிக் கிட்டார் செதுக்கினான். சூசையப்பர் கோயில் பேண்டில் டிரம் அடித்துக்கொண்டிருந்த பெஞ்சமின், சாமியாரிடம் திட்டு வாங்கிக்கொண்டே அந்த டிரம்மோடு வந்து சேர்ந்தான். தினமும் மூக்கில் ஏறுகிற வாசனையையே பெயராக வைத்துக் கந்தகம் என்று குழு தொடங்கினார்கள்.

சுருதி சேர்க்க அவர்களிடம் கருவி எதுவும் கிடையாது. பவுண்டரியில் ஷிப்டு மாறும்போது சங்கு ஊதும். அந்தச் சங்கைக் கேட்டுத்தான் குணாளன் தந்தியை முறுக்கினான். அது தப்பு என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் உலைமேட்டில் பிள்ளைக்குப் பால் கரைப்பதிலிருந்து பிரேதம் எடுப்பதுவரை எல்லாமே சங்கை வைத்துத்தான் நடந்தது, கிட்டார் மட்டும் என்ன விதிவிலக்கா. ஆனால் அந்தச் சங்கு உலகத்தில் உள்ள எந்த ஆர்மோனியத்துக்கும் பொருந்தாமல், ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே எங்கேயோ ஊதிக்கொண்டிருந்தது. டவுனில் நடந்த போட்டிக்குப் போனபோது, அங்கே கீபோர்டு வாசித்தவன் இரண்டாம் வரியிலேயே கையை எடுத்துவிட்டுச் சிரித்தான், கூட்டம் ஊளையிட்டது, மேடைக்குச் செருப்பு வந்தது. கடன் உடன் பட்டு ஒரு கேசட் போட்டார்கள். வாங்கின நாலைந்து பேரும் டேப் இழுக்கிறது, வேகம் சரியில்லை என்று கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அப்போதுதான் சூசைக்கும் ரெஜினாவுக்கும் கல்யாணமாகியிருந்தது. வீட்டில் அவன் அதிர்ந்து பேசாதவன். மேடையில் அப்படிக் கத்துகிற மனுஷன் சாப்பாட்டில் உப்பு குறைந்தால் அதைக்கூட வெட்கப்பட்டுக்கொண்டு சொல்வான் என்பது ரெஜினாவுக்கு மட்டும் தெரிந்த சங்கதி, அதில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

அந்த வருஷம் சூசையப்பர் திருவிழாவில், தேர் நிலைக்கு வந்த பிறகு, போனால் போகிறது என்று கந்தகத்துக்கு மேடை கொடுத்தார்கள். மைதானத்தில் பாதிப்பேர் கரும்புச்சாறு குடித்துக்கொண்டும் மீதிப்பேர் மேடைக்கு முதுகு காட்டிக் கதை பேசிக்கொண்டும் இருந்தார்கள். கடைசிப் பாட்டு உச்சத்துக்கு ஏறி, சூசை தலையைப் பின்னால் சாய்த்து அலறின அந்த நொடியில் கரண்ட் போனது. விளக்குகள் அணைந்தன, கிட்டார் செத்தது, பெஞ்சமின் பழக்கதோஷத்தில் நாலு அடி அடித்துவிட்டு நிறுத்தினான், மைக்கும் இல்லாத அந்த இருட்டில் சூசையின் குரல் மட்டும் நின்றது. சூசை வாயை மூடினான். குரல் மூடவில்லை. அவன் மேடையை விட்டு இறங்கி வந்து, கூட்டத்தோடு கூட்டமாக நின்று, மற்றவர்களைப் போலவே அண்ணாந்து அதைக் கேட்டான், ரெஜினா ஓடிவந்து "என்ன ஆச்சுங்க?" என்று தோளைப் பிடித்து உலுக்கியபோது அவன் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

குணாளனுக்கு விஷயம் உடனே பிடிபட்டுவிட்டது. "அந்த எடத்துல கிட்டாரு வந்து கொரல எறக்கிக் கொண்டாரணும் அண்ணி. கரண்டு போயி நாங்க எறக்காம விட்டுட்டோம். மேல ஏத்திவுட்டு ஏணிய எடுத்துட்ட கதையாப்போச்சு" என்றான். மறுநாள் சாயங்காலம் கரண்ட் வந்ததுமே அவனும் பெஞ்சமினும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடினார்கள். ஆனால் அங்கே கூட்டம் நின்றது. காலனி முழுக்க, பக்கத்து ஊர்க்காரர்களும், போட்டியில் ஊளையிட்ட டவுன்காரர்கள் சிலரும்கூட, வாயைப் பிளந்து அண்ணாந்து சூசையின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சூசை அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு குணாளனைப் பார்த்து, வேண்டாம், இருக்கட்டும் என்று கையமர்த்தினான். பக்கத்தில் நின்ற ரெஜினா அந்தக் கையைப் பார்த்தாள். ஒரு வார்த்தை தன்னைக் கேட்கவில்லையே என்ற ஆற்றாமை அன்றைக்கு அவள் நெஞ்சில் உட்கார்ந்தது, பிறகு எழுந்திருக்கவே இல்லை.

ஊர் எதற்குத்தான் பழகாது. முதல் மாதம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள், அடுத்த மாதம் பஞ்சை எடுத்துத் திரி போட்டார்கள். அழுகிற பிள்ளைகளைச் சத்தத்துக்கடியில் கொண்டுபோய் நிறுத்தினால் தங்களைவிடப் பெரிதாக ஒருத்தன் கத்துகிறானே என்று வாயடைத்துப் போயின. மைதானத்தை ஒட்டிய வரிசையில் வாடகை இறங்கியது, கண் தெரியாத அருமைநாதன் சத்தத்தை வைத்தே திசை பிடித்துக் கைத்தடியை விட்டெறிந்தார், பருந்துகள் அதன் மேல் இறக்கையை விரித்துச் சும்மா கிடந்தன. புனித வெள்ளியன்று கோயில் மணியே ஊமையாகி மரக்கட்டை தட்டும்போது இது மட்டும் ஒலிக்கலாமா என்று பெரிய வாக்குவாதம் வந்தது. சாமியார் நெடுநேரம் அண்ணாந்து கேட்டுவிட்டு, ஆண்டவரும் இன்றைக்குக் கத்திக்கொண்டுதானே உயிரைவிட்டார், இருக்கட்டும் என்றார். போகப்போகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கடவுள் வாழ்த்தை அந்தச் சுருதியிலேயே எடுத்தார்கள், கோயில் ஆர்மோனியத்தை அதற்குத் தக்கபடி அராவிச் சரிசெய்தார்கள், உலைமேட்டிலிருந்து கட்டிக்கொடுத்த பெண்கள் போன இடத்தில் தாலாட்டுப் பாடினால் மாமியார்கள் முகம் சுளித்தார்கள். கேலி செய்யப்பட்ட அந்த இரண்டுங்கெட்டான் சங்கு, இப்படி ஒரு ஊருக்கே சொந்தச் சுருதியானது.

சூசை அதற்குப் பிறகும் நெடுங்காலம் வேலைக்குப் போனான், வந்தான், சாயங்காலமானால் மைதானத்தில் போய் நின்றான். ரெஜினா சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் பேசுவாள், அவன் தலையாட்டுவான். அவள் சண்டை போடுவாள், அவன் அதற்கும் தலையாட்டுவான், பதில் வராத சண்டையைப் போல அலுப்பு வேறில்லை. பவுண்டரியை மூடினார்கள், சங்கைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். கொஞ்ச காலத்தில் மணல்தூசி நெஞ்சை அடைத்து சூசை படுத்தான். கடைசி நாட்களில் அவன் மைதானத்தின் பக்கம் கையைக் காட்டிக்கொண்டே இருந்தான். இறக்கு என்றானா, இருக்கட்டும் என்றானா, ரெஜினாவுக்கு விளங்கவில்லை. அடக்கம் செய்த அன்றும் மேலே அவன் குரல் இளமை குன்றாமல் நின்றது. ஊர்க்காரர்கள் அதைச் சொல்லித்தான் அவளைத் தேற்றினார்கள், அவள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

அவளுக்கு மறந்துபோனது அவனுடைய வீட்டுக்குரல். கதவைத் திறந்துகொண்டே "ரெஜி" என்று கூப்பிட்ட குரல் எப்படியிருந்தது என்று அடுப்படியில் நின்று நினைத்துப் பார்ப்பாள். நினைப்பு பாதி தூரம் வருவதற்குள் மைதானத்து அலறல் ஜன்னல் வழியாக உள்ளே வந்து அதை அழித்துவிடும்.

இப்படியிருக்கையில் சென்னையிலிருந்து ஷப்னம் வந்தாள். யாரும் கண்டுகொள்ளாமல் போன இசைக் குழுக்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறவள். பழைய சாமான் கடையில் கிடைத்த கந்தகத்தின் கேசட்டைக் கேட்டுவிட்டு, இது இழுக்கிற டேப் இல்லை, இவர்கள் வேண்டுமென்றே வேறொரு சுருதியில் நிற்கிறார்கள் என்று கண்டுபிடித்து, காமிராக்காரனோடும் ஒலிப்பதிவுக்காரனோடும் வந்து சத்தத்தடியில் இறங்கினாள். இறங்கின இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்த குணாளனையும், கறிக்கடை வைத்திருந்த பெஞ்சமினையும் தேடிப் பிடித்து நாள் கணக்காகப் பேச வைத்தாள். வாழ்நாளில் ஒருத்தர் வந்து உங்கள் பாட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. பெஞ்சமின் காமிராவுக்கு முன்னால் கறி வெட்டிக்கொண்டே தேம்பினான்.

ஆனால் குரல் பதிவாகவில்லை. ஒலிப்பதிவுக்காரன் மைக்கை மூங்கிலில் கட்டி உயர்த்திப் பார்த்தான், தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிப் பார்த்தான்; காதில் நேராகக் கேட்கிற அலறல் கருவியில் மட்டும் விழவே இல்லை, காகமும் காற்றும் பஸ் ஹாரனும்தான் விழுந்தன. "மேலே இருக்கிறவரை அது எங்களுக்குக் கிடைக்காதும்மா" என்று ஷப்னம் ரெஜினாவிடம் வந்து சொன்னாள். "குணாளன் சார் வாசிச்சு இறக்கினா கிடைக்கலாம். ஆனா அதோட அது முடிஞ்சுபோகும். உங்களுக்கு வேண்டாம்னா வேண்டாம், படம் இல்லாட்டியும் பரவாயில்ல, நான் போயிடுறேன்."

ரெஜினா குணாளனைப் பார்த்தாள். அவன் இத்தனை வருஷமாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னான்.

"அண்ணி, எறங்குனதுக்கு அப்புறம் பாட்டு முடியல. மியூசிக்கு எல்லாம் நின்னதும் சூசை சாதாரணமா, வீட்டுல பேசுற மாதிரி ஒரு வரி பேசணும். அதோடதான் முடிவு. என்ன வரிடான்னு கேட்டோம். மேடையில கேட்டுக்கங்கன்னு சிரிச்சான்."

"வீட்டுல பேசுற மாதிரியா?"

"ஆமா அண்ணி. அப்படித்தான் சொன்னான்."

ரெஜினா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

விஷயம் தெரிந்ததும் காலனி கொதித்தது. கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். சத்தத்தடி டீக்கடை வேலாயிதான் முதலில் எழுந்தாள். "ரெஜினாக்கா, ஒன் வீட்டுக்காரரு கொரலுதான், இல்லேங்கல. ஆனா எம்புள்ளைங்க அதக் கேட்டுத்தான் தூங்குச்சு, அதக் கேட்டுத்தான் எந்திரிச்சுச்சு. பவுண்டரியும் போச்சு, சங்கும் போச்சு. இந்த ஊருக்குன்னு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதானே. அதையும் எறக்கிப்புட்டு நாங்க எதக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கறது?"

"ஊரு சொத்து" என்று பின்னாலிருந்து ஒருத்தர் குரல் கொடுத்தார்.

"ஊரு சொத்துதான், யாரு இல்லேன்னா?" என்று ரெஜினா எழுந்தாள். "ஒங்க எல்லாருக்கும் அவரு கத்துனாப் போதும். கேட்டீங்க, தூங்குனீங்க, புள்ளை வளத்தீங்க. எனக்கு அவரு பேசணும். சோறு போடுன்னு சொல்லட்டும், சனியனேன்னு வையட்டும், எதுவானாலும் சரி. கத்துற கொரலக் கேட்டுக் கேட்டு மனுசன் கொரலு எனக்கு மறந்துபோச்சு வேலாயி. கனவுல வந்தாக்கூட வாயத்தான் அசைக்கிறாரு."

வேலாயி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எறக்கிக்கக்கா" என்றாள்.

குறித்த நாளன்று மூன்று மணிக்கெல்லாம் மைதானம் நிறைந்துவிட்டது. அந்தத் திருவிழாவில் மேடை இருந்த இடத்திலேயே சின்னதாக ஒரு மேடை போட்டு, சூசை நின்ற இடத்தில் ஆளில்லாத மைக் ஒன்றை வைத்தார்கள். பெரிய கோயில் திருவிழா மாதிரி கூட்டம் வந்திருந்தும் குழந்தைகள்கூடச் சத்தம் போடவில்லை, போகப்போகிற ஒருத்தரை வழியனுப்ப வந்ததுபோல எல்லோரும் குரலை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒலிப்பதிவுக்காரன் உதவி செய்கிற நல்லெண்ணத்தில் தன் செல்போனில் இருந்த சுருதிக் கருவியை வைத்துக் குணாளனின் கிட்டாரைச் சுத்தமாகச் சேர்த்துக் கொடுத்திருந்தான். குணாளன் முதல் தட்டுத் தட்டினதும் மேலே இருந்த குரல் மிரண்டு, ஒரு பனை உயரம் இன்னும் மேலே போய்விட்டது. தெருநாய்கள் ஊளையிட்டன. கூட்டத்தில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"அய்யோ தப்பு, தப்பு" என்றான் குணாளன். "அவனுக்கு நம்மள அடையாளம் தெரியல."

அவன் மேடையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, கிட்டாரைக் கன்னத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு, சங்கில்லாத ஊரில் சூசையின் குரலையே சங்காக வைத்து, ஒவ்வொரு தந்தியாகத் தளர்த்தித் தளர்த்திச் சேர்த்தான். எல்லாப் பாட்டுக்காரர்களும் தப்பு என்று சிரித்த அந்த இடத்துக்குத் தந்தி வந்து சேர்ந்தபோது, பள்ளிக்கூடத்தில் அந்தச் சுருதியில் பாடிப் பழகின கூட்டம் முழுவதும் தன்னை அறியாமல் ம்ம்ம் என்று முனகியது. குரல் பழைய உயரத்துக்கு வந்து நின்றது. பெஞ்சமின் கண்ணீரைத் தோளில் துடைத்துக்கொண்டு நாலு தட்டுத் தட்டினான், விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடங்கியது.

கிழவர்கள் இரண்டு பேர் வாசித்த அந்த வாசிப்பில் பிழை நிறைய இருந்தது, ஆனால் இறக்குகிற இடம் பிழையில்லாமல் வந்தது. கிட்டார் ஒரு படி இறங்க, குரலும் ஒரு படி இறங்கியது. பனை உயரத்திலிருந்து தண்ணீர்த் தொட்டி உயரத்துக்கு, அங்கிருந்து கூரை உயரத்துக்கு, பருந்துகள் திடுக்கிட்டுச் சிறகடித்து விலக, கடைசியில் ஒரு ஆள் உயரத்துக்கு, ஆளில்லாத அந்த மைக்குக்கு முன்னால், வந்து அடங்கியது. குணாளன் தந்தியைக் கையால் பொத்தினான். உலைமேட்டில் ஒரு தலைமுறையே கேட்டிராத அமைதி வந்தது. ஒலிப்பதிவுக்காரன் காதுக் கருவியைப் பிடித்துக்கொண்டு, வருகிறது, பதிவாகிறது என்று ஷப்னத்துக்குக் கையைக் காட்டினான்.

வந்தது இருமல்.

ஒரு இருமல், அதன்மேல் ஒரு இருமல், பிறகு அடக்க மாட்டாமல் நெஞ்சைக் கிழித்துக்கொண்டு வருகிற வறட்டு இருமல், இடையில் மூச்சு கிடைக்காமல் விசில்போல இழுத்துக்கொண்டு, மறுபடியும், மறுபடியும். குரல் மேலே நின்றுவிட்டதால் சூசை இருமின இருமலெல்லாம் சத்தமில்லாமலேயே போயிருந்தது. பவுண்டரி டாக்டர் இவன் இருமவே இல்லையே, நெஞ்சு சுத்தம் என்று அனுப்பிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் தெரியவில்லை. கட்டில் ஆடுகிற ஆட்டத்தை வைத்து ரெஜினாவுக்கு மட்டும்தான் தெரியும். அவள் ஊர் முழுக்கச் சொன்னாள், சத்தமில்லாத இருமலை யார் நம்புவது. அந்த வருஷங்களின் மொத்த இருமலும் இப்போது அடைப்பு எடுத்த குழாய்போல வந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் நின்ற பவுண்டரிக்காரர்கள் சிலர் தங்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். வேலாயி தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஷப்னம் அழுதுகொண்டே ரெஜினாவிடம் வந்தாள். "நிறுத்தச் சொல்லவாம்மா?"

"வேணாம். கேக்கட்டும், எல்லாரும் கேக்கட்டும்" என்றாள் ரெஜினா.

அவள் மேடையேறிப் போய் மைக்குக்குப் பக்கத்தில் நின்றாள். ஆள் முதுகு இருக்க வேண்டிய உயரத்தில் வெறும் காற்றை மெதுவாக நீவிவிட்டாள். பொழுது சாய்ந்தது. இருமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து, இடைவெளி விட்டு, இரண்டாகி, ஒன்றாகி, நின்றது. பிறகு, பேச வாயெடுக்கிற ஆள் தொண்டையைச் செருமிக்கொள்வானே, அப்படி ஒரு செருமல், வெட்கப்பட்டுக்கொண்டு, மெல்ல.

காலனி காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. தெருவிளக்குகள் எரிந்தன, பஸ் ஒன்று சத்தத்தடியில் நிற்பதா என்று தெரியாமல் தடுமாறித் தாண்டிப் போய் நின்றது, அப்போதும் ஒன்றும் வரவில்லை. ஒலிப்பதிவுக்காரன் ஷப்னத்தைப் பார்த்து இல்லை என்று தலையசைத்தான். கூட்டம் கலையத் தொடங்கியது. குணாளன் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு வந்து, "அண்ணி, வீட்டுக்குப் போலாம் அண்ணி" என்று அவள் கையைத் தொட்டான்.

ரெஜினா அவன் கையை விலக்கினாள்.

"சத்தம் போடாத குணாளா" என்றாள். "தொண்டையச் செருமிட்டாரு. இப்பப் பேசுவாரு."